வாலில்லாத வினை

இரவுப் பணி முடித்து
டெரஸ் ஆஸ்பத்திரியிலிருந்து
நூறு கிலோமீட்டர் பனியில் ஓட்டி வந்த வெர்னா
முதலில் பூட்ஸைக் கழற்றினாள்.
சமையலறைக் குழாய் நூலாக ஒழுகுவதைப் பார்த்து
"இந்த மனுஷனுக்கு!" என்று இறுக்கி மூடினாள்.
பிறகுதான் மேசையைப் பார்த்தாள்.

மின்கட்டண உறையின் பின்புறம்
லெஸ்டரின் கோணல் கையெழுத்தில்
ஒரே ஒரு சொல்:
ரன்

முற்றுப்புள்ளிகூட இல்லை.
முப்பத்தோரு வருஷத்தில்
அவன் அவளுக்கு எழுதியதிலேயே நீளமானது
"பால் வாங்கு."

தமிழாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.
நம் வினைக்கு வால் உண்டு.
யார், எப்போது, ஆணா பெண்ணா, ஒருவரா ஊரா
எல்லாம் அதை ஆட்டியே சொல்லிவிடும்.
ஓடினான் என்றால் அழலாம்.
ஓடுகிறது என்றால்
போய் மோட்டாரைப் பார்க்கலாம்.
ஓடிவிடு என்றால்
கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டலாம்.
இங்கிலீஷ் எப்போதோ வாலை உதிர்த்துவிட்டு
மொட்டையாக நிற்கிறது
உறையின் மேல்.

வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

மார்ச் மாதம்.
நாஸ் ஆற்றில் ஊலிக்கன் ஏறும் காலம்.
சாண் நீளம்கூட இல்லாத மீன்,
உடம்பெல்லாம் கொழுப்பு,
காயவைத்துத் திரி கோத்தால் விளக்காக எரியும்.
அது கூட்டமாய் ஆறேறி வருவதும் ரன்தான்.
வந்துவிட்டதா?
வந்திருந்தால் வழியெல்லாம் கழுகு இருந்திருக்கும்.
பாலத்தருகே ஒரு காகம் இருந்தது,
அதுவும் தூக்கக் கலக்கத்தில்.

அல்லது மைத்துனன் க்ளிஃபோர்ட்.
ஊர்ச் சபைக்குப் போட்டி போடப் போவதாக
கிறிஸ்துமஸிலிருந்து மிரட்டுகிறான்.
நாம் தேர்தலில் நிற்கிறோம்.
அவர்கள் ஓடுகிறார்கள்.
ஜெயித்தபின் இரு தரப்பும் உட்கார்ந்துகொள்வதில்
வித்தியாசமில்லை.

அல்லது அவள் காலுறை.
முட்டியிலிருந்து கணுக்கால்வரை இழை விட்டுப் போன
அந்தக் கோட்டுக்கும் இதே பேர்தான்.
ஆனால் அது விடியற்காலை நாலு மணிக்கு
பன்னிரண்டாம் படுக்கையின் ஆணி செய்த வேலை.
லெஸ்டருக்குத் தெரிய வழியில்லை.

அல்லது.

மூன்று வாரம் முன்பு, பணத்தைப் பற்றி ஒரு சண்டை.
அன்றைக்கு அவன் கதவை அறைந்து சாத்தவில்லை.
மெதுவாகச் சாத்தினான்.
எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.
டிரக் இல்லை.

சாலைக்கு அப்பால் கரும்பாறை வெளி.
அவள் முன்னோர் பார்க்க
மலையிலிருந்து நெருப்பாய் இறங்கி
ஊர்களை மூடி, ஆற்றை ஒதுக்கித் தள்ளி
நின்றுபோன குழம்பு.
இப்போது அதன்மேல் பாசி, பாசிமேல் பனி.
ஓடியது
ஓடாகிக் கிடக்கிறது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது?
ஓடுவதும் ஓடுதான்,
ஓடவே தெரியாத ஆமையின் முதுகும் ஓடுதான்
என்று யாராவது சொன்னால்
உறையை ஒருமுறை பார்த்துவிட்டு
"உங்களுக்குமா?" என்பாள்.

அப்போது கேட்டது.
தரைக்கடியில் ஒரு சின்ன டக்.
சுவருக்குள் இன்னொன்று.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
இந்தக் குளிரில் யாரும் குழாயை மூடுவதில்லை.
ஒழுகவிட்ட தண்ணீர் உறையாது.
நின்ற தண்ணீர் கல்லாகி
குழாயைப் பிளக்கும்.
பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும் இது.
பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்கு
மறந்துவிட்டது.

பாய்ந்து திறந்தாள்.
காற்று. ஓர் இருமல்.
அப்புறம் ஒன்றுமில்லை.

ஹேர் டிரையரோடு சிங்க்குக்கு அடியில் புகுந்தாள்,
காலுறை இன்னும் இரண்டு விரல் நீள.

லெஸ்டர் கதவைத் தோளால் தள்ளித் திறந்தபோது
இரண்டு கையிலும் வாளி.
வாளி நிறைய வெள்ளி, துள்ளிக்கொண்டு.

"எழுதி வைத்தேனே" என்றான்.

"எதை?"
என்றது சிங்க்குக்கு அடியிலிருந்து
ஒரு குரல்.