முப்பதுக்கு இரண்டு

சனிக்கிழமை காலை ஒன்பது மணி.
செந்தூல் அடுக்குமாடி, பி புளோக், கீழ்த்தள மண்டபம்.
கல்யாண நாற்காலிகளை ஓரமாய் அடுக்கிவிட்டு
தரையில் ஆறு பொம்மைகளைக் கிடத்தியிருக்கிறார்கள்.
கையில்லை, காலில்லை,
இடுப்போடு முடிந்துபோன ஆறு பேர்.
வாய் மட்டும் திறந்தபடி,
ஏதோ கேட்க வந்து மறந்தவர்கள் போல.

நோட்டீஸ் மலாயில் இருந்தது.
லிஃப்டுக்குள் அதன் கீழே நான்தான்
பேனாவால் தமிழில் எழுதிவைத்தேன்:
இலவசம். ரொட்டியும் மைலோவும் உண்டு.
உயிரைக் காக்க வாருங்கள் என்றால்
பதினாலு மாடி இறங்கி யார் வருவார்கள்?

இரண்டு லிஃப்டில் ஒன்று
ஹரிராயாவிலிருந்து ஓடவில்லை.

பொம்பாவிலிருந்து வந்த ருக்கையா
முழங்காலிட்டு, முழங்கை மடக்காமல்,
நெஞ்சுக்கு நட்டநடுவே அழுத்திக் காட்டுகிறாள்.
இதயம் இடப்பக்கம் என்றே
ஐம்பத்து மூன்று வருஷம் இருந்துவிட்டேன்.
இன்னும் பலமாய், அக்கா, என்கிறாள் மலாயில்,
மாவு பிசைகிறவர்தானே நீங்கள்.

முப்பது அழுத்து, இரண்டு மூச்சு.
வாய்விட்டு எண்ண வேண்டும்.
சாத்து, டூவா, தீகா என்று தொடங்கி
பதின்மூன்றில் எனக்கு மலாய் மூச்சுவாங்குகிறது,
மிச்சத்தைத் தமிழில் எண்ணுகிறேன்.
பக்கத்தில் லியோங் கிழவர் கண்டோனீசில்.
பொம்மைக்கு ஆட்சேபம் இல்லை.
ஆழம் சரியென்றால் பச்சை விளக்கு,
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த மொழி.

நடுவில் பாரம் ஒன்று சுற்றி வந்தது:
பெயர், வீட்டு எண், அடையாள அட்டை எண்.
வாசலில் துடைப்பத்தோடு நின்ற மொமின்
பேனாவைக் கண்டதும் பின்வாங்கினான்.
இந்தப் படிகளை தினம் இரண்டு முறை
முழுக்க ஏறி இறங்குகிறவன் அவன் ஒருத்தன்தான்.
யாராவது விழுந்தால்
முதலில் பார்க்கப்போவது அவன் கண்.
பன்னிரண்டு கட்டங்களில் அவன் எதை எழுதுவான்?
ருக்கையா பாரத்தை எடுத்து
மைலோ கெத்தலுக்கு அடியில் வைத்தாள்.
அந்தக் கடைசிப் பொம்மை சும்மா கிடக்கிறது, வா, என்றாள்.

கேள்வி உண்டா என்றபோது நான் கேட்டேன்:
ஆறாம் மாடித் தீயணைப்புப் பெட்டியில்
பித்தளை மூக்கைக் கழற்றி விற்றுவிட்டார்கள்,
உள்ளே யாருடைய செருப்போ இருக்கிறது.
எழுதிக்கொண்டாள்.
எழுதிக்கொள்வது எங்களுக்குப் பழகிய பதில்.

கேட்காத கேள்வி ஒன்று இருந்தது.
போன வருஷம் பூப்பந்துத் திடலில்
மூன்றாம் மாடி சுகுமாரன் சரிந்தபோது
தண்ணீர் தெளித்தோம், தைலம் தேய்த்தோம்,
கைக்குள் சாவிக்கொத்தைத் திணித்தோம்.
கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும் என்று
நான்தான் கத்தினேன்.
விலகி நின்றார்கள். காற்று வந்தது,
தாராளமாக வந்தது.
அதை உள்ளே அனுப்பத்தான் ஆளில்லை.
ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிஷம்.

அவன் மனைவி மங்களேஸ்வரி
இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.
எல்லாரும் ரொட்டிக்கு எழுந்த பிறகு
சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள்.
இருபத்தொன்பது, முப்பது,
மூச்சுக்கு நிற்கவில்லை,
முப்பத்தொன்று, நாற்பது, அறுபத்தைந்து,
பச்சை, பச்சை, பச்சை.
யாரும் தடுக்கவில்லை. ருக்கையா கடிகாரம் பார்த்தாள்.

இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை
ஆள் மாறவேண்டும் என்பது பாடத்தில் இருந்தது.
நாங்கள் மறந்துபோனோம்.
மொமின் எதிர்ப்பக்கம் மண்டியிட்டு
கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தான்.
காந்தி, என்றான். மாற்று.

அவள் கையை எடுக்குமுன்
அவன் கை வந்திருந்தது.

நான் இரண்டு ரொட்டியை எடுத்து
ஈ மொய்க்காமல் மூடி வைத்தேன்.