இரண்டு சுற்று அதிகம்

கோத்தகிரி அரசு மருத்துவமனை, மாவுக்கட்டு அறை.
தகரத்தில் மழை. கரண்ட் போய் அரைமணி நேரம்.
பரவாயில்லை,
காலைப் படிக்க வெளிச்சம் வேண்டாம்.

படுத்திருப்பவர் ஹாலன்.
கேரட் மூட்டையோடு சேற்றில் சறுக்கி
இடது காலை முறுக்கிக்கொண்டவர்.
என் கட்டைவிரல் மேலிருந்து இறங்குகிறது.
முழங்கால் சில்லு.
அதற்குக் கீழே, களை பறிக்க மண்டியிட்டே காய்த்த மேடு.
அங்கிருந்து நேர்கீழே கணைக்கால் எலும்பின் விளிம்பு,
சதையே இல்லை, தோலுக்கு அடியில் கத்தி முதுகு.
இருட்டில் கட்டிலில் இடித்துக்கொண்ட எவருக்கும் தெரியும்
அது எங்கே இருக்கிறதென்று.

பாதி வழியில் விளிம்பு விட்டுப்போகிறது.
"அவ்வே" என்கிறார் ஹாலன்.
எக்ஸ்ரே பிறகு சொல்லப்போவதை
விரல் கேட்டுவிட்டது.

உள்கரண்டைக்குப் பின்னால்
இரண்டு விரல் வைத்துக் காத்திருக்கிறேன்.
மழைச் சத்தம், மழைச் சத்தம்,
துடிப்பு.
"ஓடுது மேடம்."
வெளிக்கரண்டை அதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும்.
இறங்கியிருக்கிறது.
இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் பயம்.

இனி அந்த இடம்.

முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே,
சுண்டைக்காயைவிடப் பெரிய முண்டு.
அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு
ஒரு நரம்பு ஓடுகிறது, ஒளிய இடமில்லாமல்.
உருட்டினால் நனைந்த சணல் மாதிரி நழுவும்.

பூங்காவனத்துக்கு அங்கே நான் பஞ்சு வைக்கவில்லை.

பதினோரு வருஷம். அரவேணுப் பக்கம் எஸ்டேட் லைன்.
"கட்டு கடிக்குது தம்பி" என்றாள்.
புதுக்கட்டு அப்படித்தான் என்றேன்.
மூன்றாம் நாள் புறங்கால் மரத்திருக்கிறது.
அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை,
என்னிடம்தான் ஒருமுறை சொல்லியாயிற்றே.
எலும்பு அழகாகக் கூடியது.
படத்தை ஜன்னலில் பிடித்து டாக்டர் என்னைப் பாராட்டினார்.
பாதம் எழவில்லை.

சந்தையில் பார்க்கிறேன்.
முழங்காலை உயரத் தூக்கி
இல்லாத படியில் ஏறுகிறவள் போல வருகிறாள்,
தரையில் பாதம் அறைகிறது. டப்.
பிறகு நல்ல கால். பிறகு டப்.
"நல்லா இருக்கியா தம்பி?"
முட்டைக்கோஸ் விலை கேட்பதுபோல் குனிந்துகொள்கிறேன்.

முண்டைச் சுற்றிப் பஞ்சு வைக்கிறேன்.
ஒரு சுற்று. விதிப்படி அது போதும்.
இன்னொன்று. இன்னொன்றும்.
"இது எதுக்கு, குளிருக்கா?" என்கிறார் ஹாலன்.
ஆமாம், குளிருக்கு.

வாளியில் ஊறிய கட்டு வெந்நீர்ச் சூடு ஏறி
கைக்குள் இறுகத் தொடங்குகிறது.
பெருவிரலை மேலே தூக்குங்க.
தூக்குகிறார்.
இன்னொரு தரம்.
"வலி கால்ல, விரல்ல இல்லை சார்."
தெரியும்.
இன்னொரு தரம்.