ஓடிய மணி

மட்டக்குளி மீன் கிடங்கின் பின்கட்டில்
ஜெனரேட்டருக்கு முன்னால் முழந்தாளிட்டு
இரண்டு வயர்களை உரிக்கிறேன்.
இடம் மாறிப் பூட்டினால்
வெடிக்காது, புகையாது,
பேசாது, அவ்வளவுதான்.
மாறித்தான் பூட்டியிருந்தேன்.
போயிற்று ஒரு மணித்தியாலம்.

பெனடிக்ற் கதவில் சாய்ந்து நிற்கிறார்.
பதினொரு வருசம்
மணிக்கு ஒருக்கா டோர்ச் அடித்து
சிவப்பு மட்டைக் கொப்பியில் எழுதியவர்.
"இனி இது தானா எழுதுமோ?"
"ஐந்து செக்கனுக்கு ஒருக்கா."
"நித்திரை கொள்ளாதோ?"
"கொள்ளாது."
"பாவம்."

வயரை மாற்றி முறுக்கினேன்.
பெட்டியில் பச்சைப் பொட்டொன்று துடித்தது.
மடிக்கணினியில் இறங்கின இலக்கங்கள்:
நகரத்துக் கரண்ட், இருநூற்று இருபத்தெட்டு.
பற்றரி, இருபத்தாறு தசம் ஒன்று.
எண்ணெய் அமுக்கம் பூச்சியம்;
நிற்கிற எஞ்சினுக்கு அது சரி.
தண்ணீரின் சூடு முந்நூற்றுப் பதினொரு பாகை!
இரண்டு பேரும் சிரித்தோம்.
பத்தால் பிரிக்க மறந்தது நான்.

கடைசியாக, ஓடிய மணி:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.

கொப்பியில்
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

பக்கங்களைப் பின்னோக்கித் தட்டினேன்.
கரண்ட் நாள்முழுக்க நின்ற அந்த வருசம்
"ஓடியது", "ஓடியது" என்று
ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே இருப்பில்.
கதவைப் பூட்டியே வைத்தால்
குளிர் இரண்டு மணித்தியாலம் தாங்கும்,
அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் கதவின் பெயின்ற்றை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நானூற்று முப்பத்து நான்கு மணி
எத்தனை கான் டீசல் என்று
தலை தன்பாட்டில் பெருக்கத் தொடங்கியது.
அதே வருசம், ஆமர் வீதி வரிசையில்
மூன்றாம் இரவு,
லொறி நிழலுக்குள் இருந்து ஒரு கை
இளநீலக் கானை நீட்டியது.
முகம் பார்க்கவில்லை நான்.
எங்கே எடுத்தது என்று கேட்கவுமில்லை.
கேட்ட காசை எண்ணிக் கொடுத்தேன்.
அக்காவை ஏற்றிய வான்
ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடியது.

தலைமையகப் படிவத்தில்
ஒரேயொரு கட்டம்: மீட்டர் காட்டும் மணி.
மீட்டர் காட்டியதை எழுதினேன்.
கொப்பியைப் பற்றி
படிவம் ஒன்றும் கேட்கவில்லை.

"இதை என்ன செய்யிறது?"
கொப்பியை மூடி நீட்டுகிறார்.
வாங்கக் கை போகவில்லை.
திரையில் மறுபடி
இருநூற்று இருபத்தெட்டு.
இருநூற்று இருபத்தேழு.