கோலூன்றித் தாண்டுகிறவன்

எட்டில் ஏழு என்னிடம் இருந்தது.
ஈட்டி, வட்டு, குண்டு, சங்கிலிக் குண்டு,
தடை தாண்டும் பெண், நீளம் தாண்டும் ஒருவன்,
வெடிச் சத்தத்துக்குக் காத்துக் குனிந்திருக்கும் நாலு பேர்.
நான்காவது இடம் மட்டும்
பதினோரு வருஷமாய்க் காலி.
அங்கே பென்சிலால் எழுதிவைத்திருந்தேன்:
கோலூன்றி. பச்சை. ஓரம் சிவப்பு.

மீனாட்சிபுரத்தில் என் வீடு கேரளத்தில்.
வேலை பார்க்கும் எடைமேடை தமிழ்நாட்டில்.
நடுவே ஒரு செக்போஸ்ட், இரண்டு பேக்கரி,
கோழிக் காய்ச்சல் வந்தால்
டயருக்கு மருந்தடிக்க ஒரு பையன்.
தேங்காய் லாரி ஏறும், இறங்கும்.
நிறை, வெறும், மிச்சம் என்று சீட்டுக் கிழிப்பேன்.
லாரி இல்லாத நேரம்
மேஜைக்கடியில் அலுமினியக் கிண்ணம்,
தண்ணீரில் மிதக்கும் உறைத்துண்டுகள்.
பசையை விட்டு, காகிதத்தை விட்டு
ஒரு வீரன் மெல்லக் கழன்று வருவான்,
பழைய எடைச் சீட்டுகளின் நடுவே
குப்புறப் படுத்துக் காய்வான்.

முதல் உறை வந்தபோது
'மகியார் போஸ்டா' என்றொரு தேசத்தை
வரைபடத்தில் தேடோ தேடென்று தேடினேன்.
அது ஹங்கேரி என்று எழுதியது யெனோதான்.
கெச்கெமேட் ஊர்க்காரர், பஸ் பழுது பார்க்கிறவர்.
இருவருக்கும் ஒரே அளவுக்குத் தப்பான ஆங்கிலம்,
அதனால் சண்டை வந்ததில்லை.
வந்தது ஒரு முறை.
நான் அனுப்பிய மல்யுத்தக்காரனுக்கு
ஓரத்துப் பல் ஒன்று குறைகிறதாம்.
பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குத்தான்
வாயைப் பிளந்து பல் எண்ணுவார்கள் என்று
கோபமாய் எழுதி,
ஒட்டுவதற்கு முன் பூதக்கண்ணாடியில் நானும் எண்ணினேன்,
அவன் ஜோடியின் பற்களோடு ஒத்துவைத்து.
குறைந்தது. கிழித்துப் போட்டேன், கடிதத்தை.

கணக்கு சுலபம். தலைக்குத் தலை.
ஹாக்கி ஒன்றுக்குக் கால்பந்து ஒன்று.
முத்திரை முகத்தில் படாமல்
மூலையில் வட்டமாய் விழுந்திருந்தால்
ஒன்றுக்கு இரண்டு.
கோலூன்றிக்கு அவர் சொன்ன விலை முப்பது.
முப்பது சேர்ந்தபோது அவரிடம் அவன் இல்லை.
அவரிடம் அவன் வந்தபோது
மகள் காலேஜுக்கு நான் பாதி ஆல்பத்தை விற்றிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தான்.
உறைக்குள் இல்லை, உறைமேல்.
காசுக்கான புதுத் தலைகளுக்குப் பக்கத்தில்
சும்மா, துணைக்குப் போல் ஒட்டி.
'அழுக்குப் படாதவன் எல்லாரிடமும் இருக்கிறான்,
உனக்குக் கடிதம் தூக்கிவந்தவன் இருக்கட்டும்' என்று உள்ளே இரண்டு வரி.
அந்த ஊர் இயந்திரம்
மற்றவற்றில் மை பூசிவிட்டு
இவனை மட்டும் விட்டிருக்கிறது.

விடாதவள் எங்கள் தபால்காரி ஜலஜா.
"ஒண்ணுல மட்டும் சீல் விழலை, சேட்டா.
ஞான்தன்னே வெட்டியிட்டுண்டு."
நீலப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு
ஒரு நல்ல வார்த்தைக்கு நிற்பதுபோல் நின்றாள்.

இடது ஓரம் தொட்டு வலது ஓரம் வரை
ஒரே இழுப்பு. பின்பக்கம் தடவினால்
விரலில் தட்டுகிறது.
நன்றி என்றேன். வேறென்ன சொல்ல.

ராத்திரி தண்ணீரில் போட்டேன்.
பசை விட்டது. பேனா விடவில்லை.
நான்காம் இடத்தில் வைத்து
கண்ணாடியை இறக்கினேன்.

இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தெரியாதது:
வரைந்தவர் குறுக்குக் கம்பியைப் போடவே இல்லை.
வெறும் பச்சையில் கால் மேலாய், தலை கீழாய்,
எதைத் தாண்டுகிறோம் என்று தெரியாமல்
ஒருவன் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

ஜலஜாவின் கோடு
அவன் வயிற்றுக்கு மயிரிழை கீழே போகிறது.
தொடவில்லை.
இரண்டு முறை பார்த்தேன்.

யெனோவுக்கு எழுத வேண்டும்.
வந்து சேர்ந்தான், முப்பதும் தவணையில் வரும்
என்பதுவரை எழுதிவிட்டேன்.
ஜன்னலில் லாரி ஹாரன்.
மேடைமேல் ஏறச் சொல்லிக் கைகாட்டிவிட்டு
அடுத்த வரிக்கு யோசிக்கிறேன்,
கோடு என்று போடுவதா,
கம்பி என்றா.