எட்டாயிரம் கன அடி

ஒகேனக்கல்லில் தண்ணீர்
எட்டாயிரம் கன அடிக்கு இறங்கியதும்
பரிசலுக்கு அனுமதி கொடுத்தார்கள்.
கறுப்பு ஈ யாரிடமும் கேட்கவில்லை.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. கூன் முதுகு.
கொசு மாதிரி காதில் வந்து பாடாது.
ஒரு பொட்டு ரத்தம் நின்ற பிறகுதான்
வந்துபோனதே தெரியும்.

எனக்கு இடது கையில் ஜிலேபிக் கெண்டை,
வலது கையில் கத்தி.
எதைக் கீழே வைத்துவிட்டு அடிப்பது?
ஒருமுறை அடித்தேன். கன்னமெல்லாம் செதில்.
வறுவலுக்கு நின்ற ஓசூர்க்காரர்கள் சிரித்தார்கள்,
முழங்காலைச் சொறிந்துகொண்டே.

மூன்று நாளாய்க் கணுக்கால் செருப்புக்குள் போகவில்லை.
பென்னாகரம் ஆஸ்பத்திரியில்
வெள்ளைக் களிம்பு தந்து
சொறியாதே என்றார் டாக்டர்.
ஓடுகிற தண்ணீரில்தான் முட்டை வைக்குமாம்,
தேங்கினால் பிழைக்காதாம்.
எங்கள் பிழைப்பைச் சொல்கிறாரோ என்று பார்த்தேன்.

நஞ்சப்பன் மேல் ஒன்றும் உட்காருவதில்லை.
ஊரார் முதுகுக்கெல்லாம் மசாஜ் போட்டு
முழங்கை வரை எண்ணெயில் ஊறினவன்.
நேற்று விளக்கணைத்த பிறகு
பாட்டிலில் மிச்சமிருந்ததை
என் காலில் கவிழ்த்தான்.
ஆளுக்கு முந்நூறு வாங்குகிற கை.
"காசு?" என்றேன்.
"தூங்குடி" என்றான்.

காலையில் பாறையில் கால் வைத்தேன்.
வழுக்கியது.
அரைக் கூடை மீன்
வந்த வழியே ஆற்றுக்குப் போயிற்று.
நனைந்து உட்கார்ந்திருந்த என்னைச் சுற்றி
அவை பறந்துகொண்டே இருந்தன,
ஒன்றுக்கும்
உட்கார இடம் கிடைக்கவில்லை.