அறுபது லிட்டர்

தொட்டியின் அடியில் அறுபது என்று ஒட்டியிருக்கிறது.
பொய்.
மணல் ஐந்தை எடுத்துக்கொண்டது,
பாறை ஏழை.
விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை, அதில் மூன்று போகும்.
மீதி நாற்பத்தைந்தில்தான் எங்கள் வழக்கு.

பாறசாலையில் மீன்கடை வைத்திருக்கும் பிரசோபன்
தராசில்லாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்:
‘ரெண்டெண்ணம் மதி.’
அவருக்கு அது போதும் என்று பொருள்.
எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்தது
நிலா என்றும் அறிவு என்றும்.

ஸ்டெனிகாவின் தாளில் ஒன்பது இருந்தன:
கோமாளிமீன் நாலு, டாம்செல் ரெண்டு,
ஒரு நீல டாங், ஒரு இறால், ஒரு நட்சத்திரம்.
‘டாங்கா? இப்போ விரல் நீளம், மோளே.
வளர்ந்தா ஒரு அடி. எங்கே படுக்க வைப்பே?
கடையில் காணுற அளவை எண்ணாதே,
வரப்போற அளவை எண்ணு.’

தோப்பும்படியில் படகு கரைபிடித்த அன்று
ததேயுஸ் கூப்பிட்டார்.
‘பன்னிரண்டு டன்’ என்றார். பிறகு,
‘உன் தொட்டிக்கு எத்தனை?’
ரெண்டா மூணா என்று நாலு நாளாக முடிவாகவில்லை என்றேன்.
ஸ்பீக்கரில் போட்டிருப்பார் போல,
பதினோரு பேர் சிரித்தார்கள்.
பதினோரு பேருக்கு அந்தப் படகில் ஆறு படுக்கை.
முறைவைத்துத் தூங்குவார்கள்.
முறைவைத்து மூச்சுவிட முடியுமா என்று
நான் கேட்கவில்லை.

தண்ணீர் நீரோடிக் கடலுடையது.
அலை உடையும் இடம் தாண்டிப் போய்
கொழுந்தன் கேன்களில் அள்ளிவந்தான்.
எங்கள் அடுக்களையையும் முன்னறையையும்
ஒரே ஆனியில் எடுத்துக்கொண்ட கடல்.
நாற்பத்தைந்து லிட்டர் திரும்ப வந்திருக்கிறது,
வரவில் எழுதிக்கொண்டேன்.

ஐந்து வாரம் மீனில்லாமல் ஓடவிட்டோம்.
குப்பியில் துளி விட்டால் பச்சை.
பச்சை என்றால் அமோனியா.
மஞ்சளாகும்வரை பொறு.
தினமும் ஒரு டம்ளர் காற்றோடு போகும்,
உப்பு மட்டும் போகாது,
ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும்,
உப்பின் மேல் உப்பு ஊற்றக்கூடாது.
இந்த ஒன்றைப் பிரசோபன் சொல்லும் முன்பே
எனக்குத் தெரியும்.

இஞ்சிவிளையில் இந்த வீட்டை வாடகைக்குக் கேட்டபோது
சுகதன் சார் கேட்டது ஒரே கேள்வி:
‘எத்ர பேருண்டு?’
நாலு என்றேன்.
அப்போது அது உண்மை.
ஆடியில் கொழுந்தன் வீடும் இறங்கியது.
மேல்தொட்டி ஐந்நூறு லிட்டர்,
விடியலில் பக்கெட்டுக்குச் சண்டை,
சோப்புக்கு, சார்ஜருக்கு, ஜன்னலோரப் பாய்க்கு.
பிரசோபன் சொல்லியிருந்தார்,
கூட்டம் கூடினால் முதலில் ஒன்றின் துடுப்பை ஒன்று கடிக்கும்,
தண்ணீர் கெடுவது அதற்குப் பிறகுதான்.

அன்றிரவு அந்தத் தாளைத் திரும்ப எடுத்தேன்.
ஒவ்வொரு மீனுக்குப் பக்கத்திலும்
பென்சிலில் பொடியாக ஒரு பெயர்.
டாங், அப்பா.
இறால் நான்.
நட்சத்திரம், சித்தப்பாவின் கடைக்குட்டி.
ஒன்பதும் வீட்டு ஆட்கள்.
யாரை வெட்டுவது?

கரண்டு போனால் பம்பு நிற்கும்.
ரெண்டு என்றால் மூன்று மணிநேரம் தாக்குப்பிடிக்கும்,
ஒன்பது என்றால்
கணக்குப் போட வேண்டியதே இல்லை.

இரண்டு கோமாளிமீன் வாங்கினேன்.
பையோடு மிதக்கவிட்டு, கால்மணி நேரம் கழித்து
அவள்தான் முடிச்சை அவிழ்த்தாள்.
எந்த இரண்டு பெயர் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

மீட்டர் பார்க்க வந்த சுகதன் சார்
கண்ணாடியருகே குனிந்தார்.
‘இத்ர வெள்ளத்தில் ரெண்டெண்ணமோ?’

‘மதி சார்.’

உள்ளறையில் கடைக்குட்டி இருமினான்.
நல்லவேளை,
பம்பு ஓடிக்கொண்டிருந்தது.