செவிக்கல்

கார்த்திகை கடைசியில்
நந்திக்கடல் நிறைந்து வட்டுவாகல் பாலத்துக்கு மேலால்
தண்ணீர் ஓடத் தொடங்கியபோது பெக்கோ வந்தது.
மணல்திட்டில் ஒரு கோடு கீறினார்கள்,
ஆள் அகலம், முழங்கால் ஆழம்.
மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது.

விடியப்புறம் நாலு மணிக்கு வாய் முப்பது யார்.
கால் புதைந்த இடத்தைவிட்டு அசையாமல்
சகாயநாதன் சொன்னான், "இந்தா, போகுது."
எனக்கு நுரைதான் தெரிந்தது.
அவன் நுரையைப் பார்க்கவில்லை,
நுரை சற்றே பிந்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனவை திரளிகள். வயிறு முழுக்கச் சினை.
மாதக் கணக்காய்த் தொடுவாய் திறக்கக் காத்திருந்தன
என்று அறிக்கையில் எழுதினேன்.
அதிகாரி சிவப்பால் வெட்டினார்:
மீன் காத்திருப்பதில்லை.
உப்புக் குறைவதும் நீர் இழுப்பதும் அதற்குத் தெரிகிறது,
போகிறது.
சரி. அப்படியென்றால்
வெள்ளத்துக்கு எதிராக உள்ளே வந்த
விரலளவுக் கொடுவாக் குஞ்சுகளை எது இழுத்தது?
கரையோரமாய், இழுவை குறைந்த ஒரு சாண் நீரில்
கொஞ்சம் ஏறி, கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி,
திரும்பவும் கொஞ்சம் ஏறி.
நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
பிறகு டோர்ச் பற்றரி போய்விட்டது.

ஒதுங்கி நிற்பதும் நீந்துவதில் சேர்த்தியா
என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அதே கிழமை, ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம்,
கடைசி பஸ் நடுறோட்டில் நின்றது.
வெளிச்சத்தில் பனையேறிகள் தாரைக் கடந்துகொண்டிருந்தன.
செவுள்மூடியை ஊன்றி, வாலால் உந்தி,
விழுந்து, புரண்டு, மறுபடி ஊன்றி.
சாரதி புவிராசா லைற்றைத் தணித்தார்.
"அங்கால குளம் வத்திப்போச்சோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.
வத்தவில்லை. கலிங்கு பாய்கிற மழை.
விட்டுவந்த குளத்திலும் தண்ணீர், போகிற வயலிலும் தண்ணீர்,
நடுவில் பன்னிரண்டு அடி றோட்டு.
ஒருவர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு
சொப்பிங் பையோடு இறங்கினார்.
ஏழெட்டுப் பிடித்தார். மற்றதுகள் போயின.

எனக்குப் பிடித்தது மேசை வேலைதான்.
வளர்ந்த கொடுவாவின் தலையைப் பிளந்தால்
மூளைக்குக் கீழே, இரு பக்கமும்,
புளியங்கொட்டைப் பாதிபோல் ஒரு வெள்ளைக் கல்.
அதை வைத்துத்தான் மீன் மேல் கீழ் அறிகிறது,
சத்தம் கேட்கிறது.
தேய்த்து மெலிதாக்கி உருப்பெருக்கியில் வைத்தால்
வெட்டுமரம் போல வளையம் வளையமாய்.
கடல்நீர் ஒரு சுவடு, மழைநீர் வேறொரு சுவடு.
உப்பில் பிறந்தது, களப்புக்கு வந்தது,
பேராற்றில் ஏறியது, இறங்கியது,
எல்லாம் இருக்கிறது.
இந்த மீனில், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்
மயிரளவில் ஒரு கரிய வளையம்.
வளராமல் நின்ற காலம்.
எந்த நீரில் நின்றதென்று கல் சொல்லும்.
ஏனென்று கேட்டால்
அது வெறும் கல்.

அந்தப் பாலத்தால் ஒருக்கால் நானும் நடந்திருக்கிறேன்,
இரண்டு பக்கமும் களப்பு, முன்னும் பின்னும் சனம்.
மறுகரையில் மேசை போட்டுக் கேட்டார்கள்:
எங்கேயிருந்து, எங்கெங்கே, எத்தனை பேர்.
தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று
ஒழுங்கு பிசகாமல் சொன்னேன்.
எத்தனை பேர் என்றதற்குத்தான் நேரமெடுத்தது.

இன்றைய மீன்: இலக்கம் முப்பத்தேழு,
ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர், ஆண்.
கல்லைக் குப்பிக்குள் போட்டு மூடி
உடலைச் சகாயநாதனிடம் கொடுத்தேன்.
தலையில்லாத மீனை ஆர் வாங்குவான் என்று புறுபுறுத்தபடி
சொதிக்குக் கொண்டுபோனான்.